கரண்டியக்காவின் அடுப்பு

இதை எழுதலாமா என்று முதலில் கரண்டியக்காவிடமே போய்க் கேட்டேன். அடுத்தவர் வீட்டுச் சண்டையைக் கேட்காமல் எழுதுவது பாவம். வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார்.

"எழுதிக்கோ. ஆனா என் ஓரகத்தியை நல்லவன்னு மட்டும் எழுதினே, வீட்டுக்குள்ள வந்து காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுருவேன்."

அவர் சொன்னால் செய்வார். அதனால் நான் யாரையும் நல்லவர் என்று எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்பக்க ஜன்னல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே கரண்டி கீழே விழுந்தால் எனக்குக் கேட்கும். அது அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான வீடு. அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து இறந்துபோனார். தம்பி கண்டக்டர். அண்ணன் மனைவி பலகாரம் பொரித்து விற்பவர். யாரோடு பேசினாலும் கையில் கரண்டி இருக்கும். அதனால் தெருவுக்கே அவர் கரண்டியக்கா. தம்பி மனைவி தையல்காரி. அவளுக்குத் தெரு வைத்த பெயர் ஊசி. தொழிலை வைத்து வைத்தார்களா, நாக்கை வைத்து வைத்தார்களா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

கரண்டியக்கா பொரிக்கும் வித்தையைக் கற்றது ஒரு சினிமாக் கொட்டகையில். பதினான்கு வருடம் அங்கே தின்பண்டக் கடையில் பொரித்தார். இடைவேளை மணி அடிக்கும்போது முந்நூறு பேர் ஒன்றாக வந்து விழுவார்கள். அப்போது மாவு கரைத்து நிற்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் இரண்டு முறை பொரிக்கப் பழகினார். படம் தொடங்கியதும் மிதமான சூட்டில் ஒரு பொரிப்பு. உள்ளே வெந்திருக்கும், வெளியே வெளுத்திருக்கும். கம்பி வலையில் ஆற விடுவார். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நல்ல சூட்டில் இரண்டாம் பொரிப்பு. கடித்தால் பக்கத்து வரிசைக்குச் சத்தம் கேட்கும்.

கொட்டகை மூடியபின் அதே வேலையை வீட்டில் ஆரம்பித்தார். உருளைக்கிழங்கு கட்லெட், காய்கறி ரோல், மாவில் தோய்த்த வெங்காய வளையம். டிப்போ கேன்டீனுக்கு ஞாயிறு தவிர தினமும் நாலு மணிக்கு நூற்றிருபது கட்லெட் போகும். அவர் வாழ்வதே அதில்தான்.

கேட்டால் சொல்லித் தருவார். ஆனால் திட்டித்தான் சொல்லித் தருவார். ஒரு முறை என் கட்லெட் எண்ணெயில் உடைந்து கஞ்சியாகப் போனது என்று சொன்னேன்.

"கிழங்கை வேகவச்சு சூட்டோட பிசைஞ்சியா? தண்ணி எங்க போகும், உன் மாமியார் வீட்டுக்கா? தோலை உரிச்சு தட்டுல பரப்பி ஆறவிடு. சட்டியில பத்து பதினஞ்சுன்னு கொட்டாத, அது என்ன பஸ்ஸா? ஒரு துளி ரொட்டித்தூள் போடு. அடியில போய்க் கிடந்தா எண்ணெய் காயல. போட்டதும் கறுத்தா காய்ஞ்சது ஜாஸ்தி. கீழ போய் குமிழோட மேல வந்தா அப்ப போடு. இதுக்கு மேல உனக்குச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

ரொட்டித்தூளும் அவருடைய கைவேலைதான். பேக்கரியில் மிஞ்சிய ரொட்டியை வாங்கி, காயவைத்து, கண்ணாடிப் பாட்டிலால் உருட்டிப் பொடியாக்குவார். பெரிய அலுமினிய டப்பாவில் கொட்டி மூடி போடாமல் மெல்லிய துணியால் வாயைக் கட்டி வைப்பார். மூடினால் வேர்த்துப் போகும், தூள் மூச்சுவிட வேண்டும் என்பார்.

இது நடந்தபோது ஊசிக்கும் அவருக்கும் பேச்சு நின்று ஆறு வருடம். ஊசி ஒரு கறுப்புக் கோட்டைச் சமையலறை மேசையில் வைத்து இஸ்திரி போட்டாள். மேசையில் மைதா இருந்தது. துடைத்திருக்க வேண்டியது யார் என்பதுதான் வழக்கு. அன்றோடு நேர்ப்பேச்சு போனது. ஜாடைப் பேச்சு வந்தது. கரண்டியக்கா சட்டியைப் பார்த்துப் பேசுவார். ஊசி தையல் மிஷினைப் பார்த்துப் பேசுவாள்.

"ஏ சட்டி, பாத்தியா? சில பேருக்கு ஒரு பித்தான் தைக்க ரெண்டு நாள். அதுக்கு வாய் மட்டும் நாள் பூரா ஓடுது."

"மிஷினே, நீயாவது எண்ணெய் போட்டா அமைதியா ஓடுறே. எண்ணெயிலேயே குளிக்கிறவங்க சத்தம் போடாம இருக்காங்களா பாரு."

நடுவில் கண்டக்டர். "ரெண்டு பேரும் ஏதாவது ஒரு ஸ்டாப்புல இறங்கித் தொலைங்களேன்," என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

நான்கு வருடத்துக்கு முன் கரண்டியக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்தபின் அவருக்கு வாடை தெரியவில்லை. பால் அடிப்பிடித்துக் கருகியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாராம். புகையைப் பார்த்துத்தான் எழுந்தாராம். நாக்கில் உப்பும் காரமும் புளிப்பும் இனிப்பும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் போய்விட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கில்லாத சமையல்காரியிடம் யார் வாங்குவார்கள்? அளவுக் கரண்டியை மாற்றாமல், எண்ணெயின் நிறத்தையும் நுரையையும் பார்த்து, சத்தத்தைக் கேட்டு ஒப்பேற்றினார். போட்டதும் மழை மாதிரி சத்தம் வரும், ஈரம் போகப் போக அடங்கும், அடங்கியதும் எடுக்க வேண்டும். அதில் அவர் காதை யாரும் மிஞ்ச முடியாது.

ஆனால் எண்ணெய் கெடுவது காதுக்குத் தெரியாது. பழைய எண்ணெயின் வாடை வீடு முழுக்க ஏறியது. எனக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எதற்குச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். கடவுள் அதற்கும் கணக்கு வைத்திருப்பார்.

ஊசி வாயை மூடவில்லை. அவள் தைப்பதெல்லாம் விலை உயர்ந்த துணி. ஒரு நாள் வங்கி அதிகாரி அம்மா ஒருவர், தைத்து முடித்த நீல கவுனை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்விட்டு, மேசையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. அன்று ஊசி மிஷினைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வாடை வாடைங்கிறா. வாடையும் இல்ல, வடக்கும் இல்ல. என் பொழப்பைக் கெடுக்கப் பொய் சொல்றா," என்று கரண்டியக்கா தெரு முழுக்கச் சொன்னார். அவர் வரையில் அது உண்மை. அவருக்கு வரவில்லையே.

கண்டக்டர் கடைசியில் ஒரு முடிவு சொன்னார். "அண்ணி, கேன்டீன் ஆர்டர் இருக்கிற வரைக்கும் அடுப்பு உங்களுது. அது நின்னுபோச்சுன்னா சமையலறையில பாதிய அவளுக்குத் துணி வெட்ட விட்டுடணும். பொரிக்கிற வேலை இனி இல்ல. நீங்க உங்க மகன் வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

மகன் வேறு ஊரில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறான். நல்ல பையன். மருமகளும் நல்லவள். அங்கே எண்ணெய்ச் சட்டியே கிடையாது. இவர் போனால், "நீங்க ஒண்ணும் செய்யாதீங்க அத்தை, உக்காருங்க" என்பாள். ஒரு முறை பன்னிரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு ஓடி வந்துவிட்டார். "உக்கார வச்சே கொன்னுடுவாங்கடி," என்று என்னிடம் சொன்னார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆர்டர் தானாக நிற்கட்டும் என்று ஊசி காத்திருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், துணியில் பூச்சி வராமல் போடும் அந்துருண்டையை ஒரு கைப்பிடி எடுத்தாள். இரண்டு துணி முடிச்சாகக் கட்டி, ரொட்டித்தூள் டப்பா இருக்கும் அலமாரித் தட்டில், டப்பாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தாள். கதவைச் சாத்தினாள். அவளே என்னிடம் சொன்னது இது. "என் துணியில அவங்க வாடை ஏறலாம், அவங்க தூள்ல என் வாடை ஏறக் கூடாதா?" திங்கள் காலை அலமாரியைத் திறந்ததும் கரண்டியக்கா கூரை பறக்கக் கத்துவார், தூளைக் கொட்டுவார், அன்றைக்குக் கட்லெட் போகாது. அவள் கணக்கு அவ்வளவுதான்.

திங்கள் காலை ஊசி மிஷினில் உட்கார்ந்து காத்திருந்தாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. டப்பாவை இழுக்கும் சத்தம் கேட்டது. ஊசியில் நூல் கோத்தபடி காது கொடுத்தாள். கத்தல் வரவில்லை. தட்டில் தூளைக் கொட்டும் சத்தம் வந்தது. கிழங்கைத் தட்டிப் புரட்டும் சத்தம் வந்தது. பதினோரு மணிக்கு முதல் பொரிப்பு. அந்துருண்டை வாடை எண்ணெயில் ஏறி, கூடத்துக்கு வந்து, அவள் கண்ணே எரிந்தது. உள்ளே கரண்டியக்கா ஏதோ பாட்டை முனகிக்கொண்டு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து போய், "அக்கா, அனுப்பாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு வருடமாகப் பேசாத வாய், திறக்கவில்லை. எல்லாம் தெரிந்தே, பழியைத் தன் மேல் போடத்தான் கரண்டியக்கா அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டாளாம். மூன்றரைக்கு இரண்டாம் பொரிப்பும் முடிந்தது. நாலு மணிக்குக் கட்லெட் டப்பா டிப்போவுக்குப் போனது.

அன்று நான் பிரார்த்தனைக்குப் போய்விட்டு ஐந்து மணிக்குத் திரும்பினேன். அவர்கள் வாசலில் கேன்டீன்காரர் நின்றிருந்தார். கையில் அதே டப்பா. பக்கத்தில் கண்டக்டர், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நான் என் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏம்மா, ஆளுங்களைக் கொல்லப் பாக்கறீங்களா? முதல் கடியிலேயே துப்பிட்டாங்க. ஒரு டிரைவர் என் மேலயே துப்பினார்!"

"நானும் கடிச்சேன் அண்ணி," என்றார் கண்டக்டர். "பீரோவைக் கடிச்ச மாதிரி இருக்கு."

கரண்டியக்கா ஒரு கட்லெட்டை எடுத்து மூக்கருகே வைத்தார். கடித்தார். மென்றார். விழுங்கினார். "உப்பு சரியா இருக்கு. மொறுமொறுன்னு இருக்கு. உங்க ஆளுங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு."

கேன்டீன்காரர் அவரையே பார்த்தார். "சரி. இது என்ன வாடைன்னு நீங்களே சொல்லுங்க."

கரண்டியக்கா இன்னொரு முறை மூக்கருகே கொண்டுபோனார். "எண்ணெய் கொஞ்சம் காறிப்போச்சு. அதுக்கென்ன இப்ப?" என்றார்.

கேன்டீன்காரரும் கண்டக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "காறலா? அண்ணி, இது காறல் வாடையா? உங்களுக்கு..." என்று கண்டக்டர் ஆரம்பித்தார்.

"அந்துருண்டை," என்றாள் ஊசி. கூடத்திலிருந்து வெளியே வந்துவிட்டாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. "நான்தான் வச்சேன். தூள் டப்பா பக்கத்துல. அவங்க என் பேரைச் சொல்ல வேணாம்னு மழுப்புறாங்க."

"வேணும்னே வச்சியா?" என்றார் கண்டக்டர்.

"வேணும்னேதான் வச்சேன். என்ன செய்யப் போறீங்க, பஸ்ஸிலிருந்து இறக்கி விடுவீங்களா?"

கேன்டீன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க குடும்பச் சண்டையை என் கேன்டீன்லயா வந்து போடணும்? ஒரு வாரம் எனக்கு எதுவும் வேணாம். அடுத்த திங்கள் கொண்டாங்க. அதுல ஒரு குறை இருந்தாலும் அதோட சரி." டப்பாவை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். கண்டக்டர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் செருப்பைத் திட்டிவிட்டு உள்ளே போனார்.

பின்பக்கம் போனேன். கேட்கக் கூடாதுதான். ஜன்னல் திறந்திருந்தது.

ஊசி சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் நேர்ப்பேச்சு.

"உங்களுக்கு மூக்கு இல்ல."

கரண்டியக்கா சட்டியைத் தேய்க்கும் சத்தம் வந்தது.

"எத்தனை நாளா?"

"உனக்கென்னடி?"

"எனக்கென்னவா? மூணு வருஷமா வாடை வாடைன்னு கத்தறேன். பொய்காரின்னு தெரு பூரா சொன்னீங்க. என் நீல கவுனு போச்சு. அந்த அம்மா போச்சு. உங்களுக்கு மூக்கே இல்லாம என்னைப் பொய்காரி ஆக்கினீங்களே, உங்களுக்கு மனசாட்சி எங்கக்கா இருக்கு, அதுவும் காய்ச்சல்ல போச்சா?"

"போய்ச் சொல்லு. அவன்கிட்ட போய்ச் சொல்லு. அடுப்பை எடுத்துட்டு துணி வெட்டு. அதுக்குத்தானே வாசல்ல வந்து நல்லவ வேஷம் போட்டே?"

"நான் வேஷம் போடல. செஞ்சதைச் செஞ்சேன்னு சொன்னேன். உங்களைக் காப்பாத்தறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?"

பிறகு ஊசி மெல்லிய குரலில், பேரம் பேசுகிற மாதிரி பேசினாள். "இதோ பாருங்க. இனி காலையில எண்ணெயை நான் முகர்ந்து பார்த்துட்டுத்தான் அடுப்புல வைக்கணும். கொட்டுன்னா கொட்டணும். என்கிட்ட காரணம் கேக்கக் கூடாது. என் துணி தப்பிக்கணும், அவ்வளவுதான். மாட்டேன்னா இப்பவே அவரைக் கூப்பிடறேன்."

"உன் மூக்கை நம்பி நான் பொரிக்கணுமா?"

"வேற மூக்கு இருக்கா உங்ககிட்ட?"

சட்டி ஒன்று தரையில் விழுந்தது. விழுந்ததா, எறியப்பட்டதா என்று தெரியாது. அவர் ஒப்புக்கொண்டார் என்பதை அடுத்த திங்கள்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தத் திங்கள் காலை கரண்டியக்கா எண்ணெயை ஒரு கரண்டியில் மொண்டு, கூடத்து வாசலில் நின்று நீட்டினார். ஊசி துணியிலிருந்து தலையைத் தூக்காமல் முகர்ந்தாள்.

"கொட்டுங்க."

"என்னது? தெளிவா பொன்னு மாதிரி இருக்கு! நுரை இல்ல, புகை இல்ல. அந்துருண்டைக்கு முன்னாடி எடுத்து வச்சது, ரெண்டே நாள் பொரிச்சது."

"கொட்டுங்கன்னேன்."

"வேணும்னே சொல்றே. என்னைப் பாழாக்கணும்னு சொல்றே."

"அப்படின்னா கொட்டாதீங்க. அனுப்புங்க. எனக்கென்ன."

கரண்டியக்கா திரும்பி வந்து சட்டியின் முன் நின்றார். ஜன்னல் வழியே எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அது பொய் என்றால், நல்ல எண்ணெயை எதிரியின் பேச்சைக் கேட்டுக் கொட்டுகிறார். அது உண்மை என்றால், கொட்டாவிட்டால் அடுப்பு போகும். தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. கடவுளே, இவருக்கு ஒரு வழி காட்டு என்று நான் அங்கேயே நின்று வேண்டினேன்.

பழைய டின்னை எடுத்தார். எண்ணெய் முழுவதையும் அதில் ஊற்றினார். ஊற்றும்போது ஊசியின் ஏழு தலைமுறையையும் பெயர் பெயராக அழைத்தார். சட்டியைத் தேய்த்துக் கழுவினார். புது எண்ணெய் ஊற்றினார். கட்லெட் அரை மணி தாமதமாகப் போனது. கேன்டீன்காரர் ஒன்றை எடுத்து முதலில் முகர்ந்தாராம், பிறகு கடித்தாராம். "நாளைக்குச் சீக்கிரம்" என்றாராம்.

அன்று இரவு கரண்டியக்கா தூங்கினாரோ இல்லையோ, மறுநாள் காலை ஒரு தட்டில் மூன்று கிண்ணம் வைத்து எடுத்து வந்தார். மூன்றிலும் எண்ணெய். ஒன்று அப்போதுதான் டின் உடைத்தது. ஒன்று முந்தின நாள் பொரித்தது. மூன்றாவது ஊசி கொட்டச் சொன்னது. தேநீர் வடிகட்டும் துணியில் வடித்து, மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும்படி செய்திருந்தார். தட்டைத் தையல் மிஷின் மேல் ணங்கென்று வைத்தார்.

ஊசி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணை மூடினாள். ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

"இது புதுசு. இது நேத்தது, இன்னும் ஒரு நாள் தாங்கும். இது..." முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளினாள். "இதை இன்னுமா வீட்டுல வச்சிருக்கீங்க? பாத்திரம் கழுவின தண்ணி இதுக்கு மேல். பரீட்சை முடிஞ்சுதா? பாஸா?"

கரண்டியக்கா தட்டை எடுத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சமையலறைக்குப் போய்ச் சட்டியிடம், "கழுகு மூக்குடி அது. ஆளும் அப்படித்தான்," என்றார். ஆனால் மூன்றாவது கிண்ணத்தை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் குப்பையில் வைத்தார். நேற்றைய எண்ணெயை அடுப்பில் ஏற்றினார்.

ஒரு வருடம் ஆகிறது. கேன்டீனுக்கு இன்னும் நூற்றிருபது போகிறது. அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கண்டக்டருக்கு அண்ணியின் மூக்கு விஷயம் போன மாதம்தான் தெரிந்தது. கரண்டியக்காவே சொன்னாராம், அதுவும் ஒரு சண்டையின் நடுவில். "அதான் நம்ம வீட்டுல ஒரே மூக்குதான் ஓடுதா?" என்று கேட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். ஊசியின் துணிகளில் இப்போது எண்ணெய் வாடை இல்லை. சமாதானமும் இல்லை. ஜாடைப் பேச்சு போய் நேர்ச் சண்டை வந்திருக்கிறது, எனக்கு ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது.

நேற்றுக்கூடக் கேட்டது. இரண்டாம் பொரிப்பின் முதல் ஈடு முடிந்திருக்க வேண்டும். கரண்டியக்கா கூடத்து வாசலில் நின்று கேட்டார்.

"எண்ணெயைச் சொன்னே, சரி. கட்லெட் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்."

"முகர்ந்து சொல்றதுதான் பேச்சு. தின்னு சொல்றதுக்குத் தனிக் கூலி."

"கூலியா? உன் நாக்குல எண்ணெயை ஊத்த!"

"ஊத்துங்க. புதுசா இருந்தா ஊத்துங்க."

அவர் முணுமுணுத்தபடி உள்ளே போனார். சட்டியில் அடுத்த ஈடு விழுந்தது. மழைச் சத்தம் கேட்டது.